ஆட்டம் வைத்தவரும் தோற்ற கதை

"ஏனுங்க, சூதாடறவன் தோக்கறது சரி. ஆட்டம் வெக்கறவனும் தோப்பானுங்களா?"

மதுக்கரையில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் கேட்ட கேள்வி இது. கோவாவில் ஒரு காஸினோவில் பங்கு சேர வேண்டுமாம். நகையை அடகு வைத்துப் பணம் கொடு என்று அவர் தம்பி நச்சரிக்கிறாராம். "நஷ்டமே வராத தொழில்!" என்கிறாராம்.

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க 'ரூலெட்' சக்கரத்தில் 38 அறைகள். 38 பேர் ஆளுக்கு ஓர் அறையில் ஒரு ரூபாய் கட்டட்டும். ஜெயித்தவருக்கு 36 ரூபாய். விடுதிக்கு 2 ரூபாய். அதாவது நூற்றுக்கு ஐந்தேகால். சம்பளம், விளக்கு, விருந்தினருக்கு இலவசச் சாப்பாடு எல்லாம் இதற்குள்தான். கடன் வாங்கிக் கட்டிய விடுதியானால் வட்டியும்!

1990 ஏப்ரலில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நகரில் டொனால்டு டிரம்ப் 'தாஜ் மஹால்' காஸினோவைத் திறந்தார். கடன் பத்திரங்கள் மட்டும் 67½ கோடி டாலர். வட்டி நூற்றுக்கு 14. வருஷத்துக்கு ஏறக்குறைய ஒன்பதரைக் கோடி! சக்கரத்திலேயே அதை எடுப்பதானால் வருஷம் 180 கோடி டாலர் பந்தயம் விழவேண்டும். போதாததற்கு, அதே ஊரில் அவருக்கே வேறு இரண்டு காஸினோக்கள்; கூட்டம் பங்கு போயிற்று. 1991 ஜூலையில் திவால் மனு! பிறகு தட்டுத் தடுமாறி நடந்த விடுதி, 2016 அக்டோபரில் மூடப்பட்டது.

சக்கரம் ஆளுக்காகக் காத்திருக்கும், வட்டி காத்திருக்காது.

அம்மாள் சற்று யோசித்தார். "அடகுக் கடை வட்டியும் அப்படித்தானுங்க" என்றார். நகைப் பெட்டிச் சாவி மறுபடி இடுப்பில் ஏறியது.