யப்பானிய மெல்லிசையும் பிறநாட்டுப் பாடகரும்

இசை எல்லா நாட்டவர்க்கும் பொது என்பர். அக்கூற்று வாத்திய இசைக்குப் பொருந்தலாம். பாட்டோ சொல்லொடு கூடியது. சொல் ஒரு மொழிக்கு உரியது. மொழி ஒரு மக்கட் கூட்டத்தாருக்கு உரியது. அங்ஙனமாயின், பிறநாட்டார் ஒருவர் அம்மக்கள் நடுவே சென்று, அவர்தம் மொழியிலே பாடி, அவர்தம் உள்ளத்தைக் கவர்தல் இயலுமா? இவ்வினாவுக்கு யப்பானிய மெல்லிசை வரலாறு தக்கதொரு விடை அளிக்கின்றது. அவ்விடையில் இனிமையும் உண்டு, கசப்பும் உண்டு.

யப்பானிய இசைத்தட்டுத் தொழில் நடைபெற்ற முறையை முதற்கண் அறிதல் வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் ஆகிய மூவரும் நெடுங்காலம் இசைத்தட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தஞ் செய்தே பணிபுரிந்தனர். பாடகர் தாமே பாட்டு இயற்ற வேண்டுவதில்லை. வல்லார் இயற்றியதைச் செவ்வனே பாடினாற் போதும். ஆதலின், குரல்வளம் வாய்த்த பிறநாட்டாருக்கும் அங்கே இடமிருந்தது. தோக்கியோவிலே பத்திரிகைத் தொழில் புரிந்த பேர்ட்டன் கிரேன் என்னும் அமெரிக்கர் 1931 ஆம் ஆண்டிலேயே கொலம்பியா நிறுவனத்துக்காக யப்பானிய மொழியில் நகைச்சுவைப் பாட்டுக்களைப் பாடினார். அவருடைய அயல் உச்சரிப்பே அப்பாட்டுக்களுக்குச் சுவையூட்டிற்று.

அயன்மை இவ்வாறு விலைபோகும் பண்டமாயின், இல்லாத அயன்மையையும் புனைந்து விற்கலாமன்றோ? 1920 இல் மஞ்சூரியாவிலே யப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த யமகுச்சி யோசிகோ என்பார், 1938 தொடக்கம் ‘ரி கோரான்’ என்னும் பெயரோடு சீனப் பெண்ணாகத் திரையிலே காட்டப்பட்டார். 1941 இல் தோக்கியோவில் அவர் பாடிய அரங்கைச் சூழ மக்கள் திரண்டு நின்றனர். போர் முடிந்தபின், சீனநாட்டுக்கு இரண்டகஞ் செய்த சீனப்பெண் எனச் சீன அரசு அவரைச் சிறைப்படுத்தியது. அவர் யப்பானியரே என்பதைக் குடும்பப் பதிவேடு மெய்ப்பித்தபின்னரே 1946 இல் விடுதலை பெற்றார். புனைந்த பெயர் புகழையும் தந்தது. உயிருக்கும் உலைவைக்க முற்பட்டது.

தாய்வானிலே 1953 இற் பிறந்த தெரேசா தெங் அம்மையார் வேறுவழிச் சென்றவர். 1974 இல் யப்பானிலே பாடத் தொடங்கிய அவர், 1984, 1985, 1986 ஆகிய மூன்றாண்டுகளிலும் அடுத்தடுத்துப் பெரும்புகழ் பெற்ற பாட்டுக்களை அளித்தார். மூன்றுக்கும் சொல் தந்தவர் அராக்கி தொயோகிசா. இசை தந்தவர் மிக்கி தக்காசி. உணவகங்களுக்கும் மதுச்சாலைகளுக்கும் கம்பிவழியே இசை அனுப்பும் நிலையங்கள் யப்பானில் உண்டு. கேட்போர் தொலைபேசி மூலம் விரும்பிய பாட்டைக் கேட்டுப் பெற்றனர். அவ்விருப்பங்களின் அடியாக வழங்கப்பட்ட பெரும்பரிசு அம்மூன்றாண்டும் அம்மையாருக்கே கிடைத்தது. நாள்முழுதும் உழைத்துக் களைத்த மக்கள் இரவில் கேட்க விரும்பிய குரல் ஓர் அயல்நாட்டுப் பெண்ணின் குரலாய் இருந்தது.

இன்னும் வியத்தற்குரியவர் ஜெரோ ஆவர். 1981 இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலே கறுப்பினக் குடும்பத்திற் பிறந்த இவருக்குத் தாயைப் பெற்ற பாட்டியார் யப்பானியர். பிரிவையும் ஊர் நினைவையும் உருகிப் பாடும் ‘எங்கா’ என்னும் பாட்டு வகையை அப்பாட்டியாரிடமிருந்தே இவர் சிறுவயதிற் கற்றார். நாலாஞ் சுரமும் ஏழாஞ் சுரமும் நீங்கிய ஐந்து சுரங்கள் அவ்வகைக்கு அடிப்படை. நமது கமகத்தை நினைவூட்டும் குரலசைவு அதன் உயிர். 2008 பெப்ரவரியில் வெளிவந்த இவருடைய முதற்பாட்டு விற்பனை வரிசையில் நாலாம் இடத்திலே தொடங்கியது. அவ்வாண்டின் இறுதி இரவிலே, நாடு முழுதும் கண்டு களிக்கும் ‘கோகாக்கு’ பாடற்போட்டியிலும் இவர் பாடினார். 2018 இல் இசையை விடுத்துக் கணினித் தொழிலிற் புகுந்தார். தலையிலே விளையாட்டுத் தொப்பி. வாயிலே பழைய எங்கா. முரண் கண்டு நோக்கியோரைப் பாட்டின் மெய்ம்மையே கேட்கச் செய்தது.

இனி, கசப்பைக் கூறுதும். தொலைவிலிருந்து வந்தார் தம் அயன்மையை அணியாகக் காட்ட, அருகே வாழ்ந்தார் அதனை மறைக்க நேர்ந்தது. 1910 முதல் 1945 வரை கொரியா யப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த காலத்தில் யப்பானிற் குடியேறிய கொரியர் பலர். அவர் 1952 இல் யப்பானியக் குடியுரிமையை இழந்தனர். அவர்தம் மக்கள் யப்பானிற் பிறந்து அம்மொழியே பேசியும் கொரியப் பெயரோடு வாழ்தல் எளிதன்று. 1970 களில் இளைஞரைக் கவர்ந்த ‘கரோல்’ குழுவைச் சேர்ந்த ஜொனி ஒக்குரா அத்தகையவர். 1975 இல் ஒரு திரைப்படத்திலே தம் கொரியப் பெயரை அவர் வெளிப்படையாகப் பூண்டமை துணிவுடைய செயலாகும். காலம் மாறிற்று. கொரியாவிலிருந்து வந்து, தம் நாட்டை மறையாது, யப்பானிய மொழியிற் பாடிய போஆ என்னும் இளம்பெண்ணின் இசைத்தொகுதி 2002 இல் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது.

இவற்றால் நாம் அறிவன இரண்டு. பிறப்பால் வாராத மொழியும் பயிற்சியால் வரும்; உழைத்துக் கற்றவன் நாவில் அது தயங்காது தங்கும். ஆயின், பாடகனுடைய குரலை ஏற்றல் வேறு, அவனுடைய பெயரை ஏற்றல் வேறு. பாட்டுக்குக் கைதட்டும் ஒரு சமுதாயம், பாடியவன் தன் தந்தையின் பெயரை அச்சமின்றிச் சொல்லவும் இடந்தருமாயின், அன்றே அதன் விருந்தோம்பல் நிறைவெய்தியதாகும்.