அலுவலகக் கணிப்பொறியில் மேக்ரோ: எங்கு வைப்பது, யாருக்கு வழங்குவது?

அரசு அலுவலகங்களின் கணக்குப் பிரிவுகளில் சில பணிகள் மாதந்தோறும் மாறாமல் நிகழ்கின்றன. கிளைகளிலிருந்து வரும் செலவுப் பட்டியல்களை ஒன்றுசேர்த்தல், தலைப்புவாரியாகக் கூட்டுதல், மேலிடத்திற்கு அறிக்கை அனுப்புதல் ஆகியவை இவற்றுள் அடங்கும். இத்தகைய பணியைத் தானே செய்து முடிக்கும் சிறு கட்டளைத் தொகுப்பு 'மேக்ரோ' எனப்படுகிறது. அதனை எழுதுவது ஒருவரது திறமையைப் பொறுத்தது. எங்கு வைப்பது என்பதோ நிர்வாகம் தீர்மானிக்க வேண்டியதாகும்.

திறந்த மூல மென்பொருள்களை ஏற்பதற்கான கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. அவ்வகையைச் சேர்ந்த லிப்ரே ஆபீஸில் மேக்ரோவை வைக்க மூன்று இடங்கள் உள்ளன. முதலாவது, ஓர் ஆவணம். ஆவணம் செல்லுமிடமெல்லாம் மேக்ரோவும் செல்லும். பிற ஆவணங்களுக்குப் பொதுவாகப் பயன்படாது. இரண்டாவது, பயனரின் சொந்தத் தொகுப்பு. அவர் திறக்கும் எல்லா ஆவணங்களிலும் கிடைக்கும். அடுத்த மேசையில் கிடைக்காது. மூன்றாவது, அக்கணிப்பொறியின் பயனர் அனைவருக்கும் உரிய பொதுத் தொகுப்பு.

மேக்ரோவை ஒரு விசைக்கோ பட்டியலுக்கோ இணைக்கும்போதும் எல்லை வகுக்கலாம். கூட்டல் மேக்ரோவுக்குரிய விசை, அட்டவணைச் செயலியான கால்க்கில் மட்டும் இயங்கினால் போதுமானது. கடிதம் எழுதும் ரைட்டரில் அதே விசை வேறு பணிக்கு உதவும்.

எளிதில் பரவுவதில் ஆபத்தும் உண்டு. 1999 மார்ச்சில் 'மெலிசா' என்ற நச்சுநிரல் வேர்டு ஆவணத்தின் மேக்ரோ வழியாகவே மின்னஞ்சல்களில் பரவியது. எனவே லிப்ரே ஆபீஸ், நம்பகமானவர் கையொப்பமிடாத ஆவண மேக்ரோக்களை இயல்பாகத் தடுக்கிறது. இணையத்திலிருந்து பெறும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் நிறுவனமும் 2022 முதல் தடுத்து வருகிறது. பணி விரைவுக்காக இத்தடையை முற்றிலும் நீக்குவது விவேகமன்று.

மேக்ரோவைச் சொந்தத் தொகுப்பிலேயே விட்டுவிடுவதும் நன்றன்று. எழுதிய ஊழியர் மாற்றலாகிச் சென்றால், பிரிவு மீண்டும் கைக்கணக்குக்குத் திரும்ப நேரிடும். ஆகவே மேக்ரோவை முதலில் சொந்தத் தொகுப்பில் சோதித்து, மற்றோர் அலுவலரைக் கொண்டு சரிபார்த்து, பின்னர் விரிவாக்கத் தொகுப்பாக அனைவருக்கும் நிறுவுவதே முறை. செய்முறைக் குறிப்பொன்றும் கோப்பில் இருத்தல் வேண்டும். அப்போதுதான் ஒருவரின் உழைப்பு அலுவலகத்தின் நிலையான உடைமையாகும்.