தண்ணீரைச் சிறிதாக்க முடியுமா?

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டிச் சின்னசேலம் வந்தால் ரயில் நிலையம். சேலம்–விருத்தாசலம் பாதை இது. இன்று அகலப் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர். முன்பு மீட்டர் கேஜ், அதாவது சரியாக 1000 மில்லிமீட்டர். நீராவி எஞ்சின் வண்டியில் போன அனுபவத்தைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கண்ணில் கரித்தூள் விழுந்த கதை கட்டாயம் வரும்.

அந்த எஞ்சினைச் சிறிய அளவில் வீட்டிலேயே கட்டுகிறவர்கள் உலகெங்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே பெட்டி பெட்டியாக உதிரிப் பாகங்கள் விற்கிறார்கள். பித்தளைத் தகடு, சக்கரம், அச்சு, திருகு எல்லாம் தனித்தனியாக இருக்கும். மடக்கி, ராவி, ஈயம் வைத்துப் பற்றவைத்துச் சேர்ப்பது உங்கள் பாடு. அங்கே மாநிலத்துக்கு ஒரு பாதை அகலம் வேறு: விக்டோரியாவில் 1600, நியூ சவுத் வேல்ஸில் 1435, குயின்ஸ்லாந்தில் 1067 மில்லிமீட்டர்.

நாம் மீட்டர் கேஜையே எடுத்துக்கொள்வோம். மாதிரி எஞ்சின்களுக்கு 45 மில்லிமீட்டர் தண்டவாளம் எளிதாகக் கிடைக்கும். 1000 மில்லிமீட்டர் அதில் அடங்க வேண்டுமானால், எல்லாவற்றையும் ஏறக்குறைய 22.5-ஆல் வகுக்க வேண்டும். ஜாம்ஷெட்பூரில் கட்டிய ஒய்.பி. வகை மீட்டர் கேஜ் எஞ்சினின் பெரிய சக்கரத்தின் விட்டம் 1372 மில்லிமீட்டர், மாதிரியில் 61. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

சக்கரம் மாட்டும்போது ஒரு சூட்சுமம் உண்டு. சைக்கிளில் ஒரு மிதி நேர் மேலேயும் மற்றது நேர் கீழேயும் இருக்கும்போது அழுத்திப் பாருங்கள், நகராது. எஞ்சினிலும் பிஸ்டன் ஒரு கோடியில் நிற்கும்போது சக்கரத்தைச் சுழற்ற முடியாது. அதனால் இடப்பக்க, வலப்பக்கச் சக்கரங்களில் தண்டு மாட்டும் முளைகளை 90 பாகை தள்ளி வைக்கிறார்கள். ஒரு பக்கம் முடங்கும் நேரத்தில் மறுபக்கம் முழு பலத்தோடு தள்ளும். பெரிய சக்கரங்கள் மாட்டிய மூன்று அச்சிலும் இந்தக் கோணம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஓர் அச்சில் கொஞ்சம் பிசகினாலும் தண்டுகள் இறுகிக்கொண்டு வண்டி நொண்டும். மாதிரி கட்டுகிறவர்கள் அதிகம் திட்டுவது இந்த இடத்தில்தான்.

இப்போது கணக்கு. நீளம் 22.5 மடங்கு குறைந்தால் பரப்பு சுமார் 506 மடங்கு குறையும். கன அளவோ 11,390 மடங்கு! அசல் எஞ்சின் 90 டன் என்று வைத்துக்கொண்டால், அதே உலோகத்தில் செய்த மாதிரி 8 கிலோகூட வராது. தூக்குவதற்கு வசதிதான். ஆனால் கொதிகலனில் தண்ணீர் 11,390 மடங்கு குறைய, வெப்பம் வெளியேறும் பரப்பு 506 மடங்குதான் குறைகிறது. ஒவ்வொரு சொட்டுத் தண்ணீருக்கும் 22.5 மடங்கு அதிகப் பரப்பு! சீக்கிரம் ஆறிவிடும். கரியும் அத்தனை சிறிய அடுப்பில் எளிதில் அணைந்துவிடும். அதனால்தான் பலர் ஸ்பிரிட்டோ வாயுவோ எரிக்கிறார்கள். நிறைய மாதிரிகளில் நீராவியே கிடையாது, உள்ளே மின்மோட்டார்தான்.

இன்னொரு வம்பும் இருக்கிறது. கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் வைப்பார்கள். அதையும் அதே கணக்கில் ஒல்லியாக்கினால், தண்ணீர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். நடுவில் குமிழி வந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் குறைந்திருந்தாலும் குழாய் பொய் சொல்லும். காரணம் பரப்பு இழுவிசை. பித்தளையை வெட்டிச் சிறிதாக்கலாம். தண்ணீரின் மூலக்கூறு எங்கும் ஒரே அளவுதான். ஆகவே அந்தக் குழாயை மட்டும் கணக்கை மீறிப் பருமனாக வைக்கிறார்கள். பார்க்கச் சற்றுக் கோமாளித்தனமாக இருந்தாலும் பரவாயில்லை.

பெரிய எஞ்சின்களின் காலமும் முழுதாக முடிந்துவிடவில்லை. நீலகிரி மலை ரயிலுக்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் இந்த நூற்றாண்டிலும் புது நீராவி எஞ்சின்கள் கட்டியிருக்கிறார்கள்.

பெரிதோ சிறிதோ, புதுக் கொதிகலனை உடனே அடுப்பில் ஏற்றமாட்டார்கள். முதலில் குளிர்ந்த தண்ணீரை முழுக்க நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட அதிகமாக, மாதிரிகளில் பெரும்பாலும் இரண்டு மடங்கு, பம்பால் அழுத்துவார்கள். நீராவி அமுங்கியிருக்கும், உலோகம் கிழிந்தால் சீறி விரியும், ஆளையே கொல்லும். தண்ணீர் அநேகமாக அமுங்காது. பற்றவைத்த இடம் விட்டுப்போனாலும் கொஞ்சம் ஒழுகும், அழுத்தமானியின் முள் இறங்கும், அவ்வளவுதான்.