புதிய நோயாளியின் சீட்டு

வானம் பார்த்த பூமியாகிய அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் ஒருவர் முதன்முறை ஆஸ்பத்திரிக்குச் செல்வாராயின், வைத்தியரைக் காணுமுன் அவர் காண்பது சீட்டு எழுதுமிடத்துச் சிறு ஜன்னலையே. அங்கு நிகழ்வது யாது, அஃது எதற்கு வேண்டுவது என்பதை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

அரசினர் ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் புறநோயாளிச் சீட்டுக்குக் கட்டணமில்லை. பெயர், வயது, ஊர், தொலைபேசி எண் இவற்றைச் சொன்னால் எழுத்தர் நாளும் எண்ணுமிட்டுச் சீட்டுத் தருவார். தனியார் வைத்தியரிடம் டோக்கனும் கட்டணமும் உண்டு. மற்றபடி முறை ஏறக்குறைய ஒன்றே.

எளிய காரியமாகத் தோன்றும் இதிலேயே இடர் தொடங்குகிறது. நம் முதியோர் வயது கேட்டால், “அறுபது இருக்கும்” என்பர். அடுத்த முறை உடன் வந்த மகன் அறுபத்தைந்து என்பான். ஊரில் வழங்கும் பெயர் ஒன்று. குடும்ப அட்டையிலுள்ள பெயர் மற்றொன்று. இரத்தப் பரிசோதனைத் தாள் ஒரு பெயரிலும் சீட்டு வேறொரு பெயரிலும் இருப்பின், எது யாருடையது என வைத்தியர் எங்ஙனம் துணிவார்? ஆகலின் குடும்ப அட்டையிலுள்ள பெயரையே சொல்லுதல் நன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்வதற்கும் அவ்வட்டையே வேண்டும்.

இங்கிலாந்தில் 1948 ஜூலை 5 முதல் நடைபெறும் தேசிய சுகாதாரச் சேவையில், குடிகள் தம் பகுதி வைத்தியர் ஒருவரிடம் பெயரைப் பதிந்துகொள்வர். வேற்றூர்க்குக் குடிபெயர்ந்து ஆண்டும் பதிந்துகொண்டால், பழைய குறிப்புக்கள் புதிய வைத்தியரைச் சென்று சேரும். நம் நாட்டில் அத்தளை இல்லை. விரும்பிய வைத்தியரிடம் விரும்பிய நாளில் போகலாம். இச்சுதந்திரம் நன்றே எனினும், அதற்கு நாம் கொடுக்கும் விலையை எண்ணிப் பார்ப்பாரில்லை. நீரிழிவுள்ள நெசவாளர் ஒருவர் இம்மாதம் அருப்புக்கோட்டை அரசினர் ஆஸ்பத்திரிக்கும், மறுமாதம் கடைவீதி வைத்தியரிடமும், நோய் முற்றியபின் மதுரை இராசாசி மருத்துவமனைக்கோ, 2022இல் தொடங்கிய விருதுநகர் அரசினர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்வார். சென்ற இடமெல்லாம் அவர் புதிய நோயாளியே! முன்னர் எம்மருந்து உண்டார், எவ்வூசி அவருக்கு ஒவ்வாது என்பதை அறிந்தது மடியிற் சுருட்டிய பழஞ்சீட்டு ஒன்றுதான். அதனையும் வெற்றிலை மடிக்கக் கிழிப்பாரை யாம் கண்டதுண்டு. பழஞ்சீட்டுக்களையும், உண்ணும் மாத்திரைகளை அவற்றின் அட்டையோடும் ஒரு பையிலிட்டுக் கொண்டுசெல்வோர்க்கு இத்துன்பம் பெரிதும் குறையும். 2021இல் தேசமெங்கும் தொடங்கிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தின் 14 இலக்க எண், இக்குறிப்புக்களை ஓரிடத்துத் தொகுக்கக் கருதியதே.

கருவுற்ற பெண்டிர்க்கு மட்டும் நம் மாகாணத்தில் நிலைமை வேறு. அவர்க்குப் பதிவு ஜன்னலில் நிகழ்வதன்று. கிராம சுகாதாரச் செவிலியரிடம் நிகழ்வது. கருவுற்ற 12 வாரத்துக்குள் பதிந்துகொள்ளல் வேண்டும். அப்போது தரப்படும் எண் பேறுகாலம் முழுதும் உடன் வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேறு உதவித்தொகைக்கும் அப்பதிவு வேண்டும். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் மகளிர், பழைய ஊர்ச் செவிலியர் எழுதிய புத்தகத்தை மறவாது எடுத்துச் செல்வாராக.

இனி, சீட்டுக்குக் காத்திராத வேளையும் ஒன்றுண்டு. கரிசற்காட்டில் பருத்தி எடுக்குங்கால் விரியன் தீண்டினால், வரிசையில் நிற்பதற்குப் பொழுதேது? விபத்துக்குள்ளானோர்க்கு உயிர் காக்கும் சிகிச்சையைச் சட்ட நடைமுறைகளுக்காகத் தாமதித்தல் ஆகாதென உச்சநீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்துளது. 108 என்னும் எண்ணுக்குச் சொல்லி வண்டி வந்தவுடன் நோயாளியை ஏற்றிச் செல்க. நேரே அவசரப் பிரிவுக்கே செல்லலாம். பெயரும் ஊரும் உடன் வந்தவர் பின்னர் ஜன்னலிற் சொல்லிக்கொள்ளலாம்.