மோதி பாக்கில் சாவே கிடையாது

"இருபத்தஞ்சு வருஷமா இந்தக் காலனியில இருக்கேன் சார். நாலு சாவுகூடப் பார்த்ததில்லை. தண்ணி அப்படி!"

டெல்லி மோதி பாக் தமிழ்ப் பள்ளி வாசலில், டிசம்பர் வெயிலில் வேர்க்கடலை உரித்தபடி ஒரு மாமா இதைச் சொன்னார். மகளின் வகுப்பு முடியக் காத்திருந்தார். அவர் சொன்னது அநேகமாக உண்மையாகத்தான் இருக்கும். தண்ணீருக்கு மட்டும் அதில் பங்கில்லை.

மோதி பாக்கின் பெரும்பகுதி மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு. வேலையில் இருக்கும்வரை குவார்ட்டர்ஸ். அறுபது வயதில் ஓய்வு, சில மாத அவகாசம், பிறகு ஒருநாள் காலையில் வாசலில் லாரி வந்து நிற்கும். கட்டில், கோத்ரெஜ் பீரோ, துணி சுற்றிய கிரைண்டர் எல்லாம் ஏறும். அந்த வீட்டுக்கு முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் குடிவருவார். கிளம்பிப் போனவர் தாம்பரத்திலோ பாலக்காட்டிலோ நொய்டாவிலோ கண்ணை மூடுவார். கிழவர்களே தங்காத ஊரில் எமனுக்கு என்ன வேலை?

இறப்பு விகிதம் என்பது ஒரு பின்னம். மேலே செத்தவர்கள், கீழே இருப்பவர்கள். ஒரு நகரத்தின் பேட்டைகளை ஒப்பிடும்போது நம் கண் மேலே இருக்கும் எண்ணில்தான் போய் நிற்கிறது. குறும்பு செய்வதோ பெரும்பாலும் கீழே இருப்பது. நூறு வருஷத்துக்கு முந்தைய டெல்லியைப் பார்த்தால் இது நன்றாகவே தெரியும்.

தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று 1911 டிசம்பர் தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். பழைய நகரத்துக்கு வடக்கே, தர்பார் நடந்த பக்கத்தில் அடிக்கல்லும் நாட்டியாயிற்று. அடுத்த ஆண்டு வந்த நகரமைப்புக் குழுவுக்கு (ஸ்வின்டன், பிராடி, லட்யன்ஸ்) அந்த இடம் பிடிக்கவில்லை. வெள்ளம் தேங்கும், மலேரியா வரும் என்பவை அவர்கள் சொன்ன காரணங்களில் சில. கடைசியில் தெற்கே ரைசினா மேட்டுக்கு இடம் மாறியது. கல்லும் பின்னாலேயே பயணம் செய்தது.

ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு என்று அளக்க ஒரு பழைய வழி இருந்தது. அது பிறந்ததே டெல்லிக்குப் பக்கத்தில்தான். 1840-களில் மேற்கு யமுனைக் கால்வாய் ஓரமாக, கர்னாலிலும் டெல்லியைச் சுற்றிலும், காய்ச்சல் ஏன் இவ்வளவு என்று விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர் அதில் இருந்தார். பிற்காலத்தில் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியால் பேர்பெற்ற ஹென்றி யூல் அப்போது பொறியாளராக அதே குழுவில் இருந்தார். டெம்ப்ஸ்டர் கிராமத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடது விலா எலும்புக்குக் கீழே விரலை அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் சாதாரணமாகக் கையில் தட்டுப்படாது. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்த உடம்பில் அது வீங்கி, விலாவைத் தாண்டிக் கெட்டியாக இறங்கியிருக்கும். நூறு பேரில் எத்தனை பேருக்கு வீக்கம்? அவ்வளவுதான் கணக்கு. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று தெரியவருவதற்கு ஐம்பது வருஷம் முன்பே இது நடந்தது.

எனக்கு இந்த அளவுகோல்மேல் தனி மரியாதை உண்டு. இதில் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒரே வரிசையில், ஒரே நாளில், ஒரே ஊரில் நிற்கின்றன. யாரும் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட முடியாது.

இறப்புக் கணக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. புது டெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க விழா 1931 பிப்ரவரியில். அதே மாதம் 26-ஆம் தேதி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்தப் பருவத்தில் சர்க்காரில் பெரும்பாலோர் ஊரில் இருப்பார்கள். வெயில் ஏறியதும் அதிகாரிகளும் குமாஸ்தாக்களில் ஒரு பகுதியினரும் சிம்லாவுக்கு மூட்டை கட்டுவார்கள், அக்டோபர் வாக்கில் திரும்புவார்கள். டெல்லியில் மலேரியா உச்சம் தொடுவதோ மழை ஓய்ந்த பிறகு, செப்டம்பர் முதல். ஆக, தலை எண்ணும்போது ஊரில் இருந்தவர்களில் ஒரு பங்கினர் காய்ச்சல் கிளம்பும்போது மலைமேல் இருந்தார்கள். போதாக்குறைக்கு, அங்கே குடியிருந்தவர்களில் வேலை செய்யும் வயதுக்காரர்களே அதிகம். மோதி பாக் மாமாவின் கதை அன்றே ஆரம்பித்துவிட்டது.

பழைய டெல்லியின் துன்பம் வெறும் கணக்குப் பிழை என்று சொல்ல வரவில்லை. மதிலுக்குள் ஜனம் நெருக்கியடித்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் காசநோய்க்குக் கொண்டாட்டம். நெரிசலைக் குறைக்க என்ன செய்யலாம் என்று ஹியூம் என்ற அதிகாரி 1936-ல் அறிக்கையே எழுத, மறு ஆண்டு டெல்லி மேம்பாட்டு டிரஸ்ட் வந்தது. பழைய டெல்லிக்கும் புது டெல்லிக்கும் இருந்த வித்தியாசம் நிஜம். ஆனால் வித்தியாசம் முழுவதையும் சாக்கடையின் தலையில் கட்ட முடியாது.

பசியின் பங்கும் உண்டு. 1908-ல், டெல்லி இன்னும் பஞ்சாப் மாகாணத்தில் இருந்தபோது, அக்டோபர், நவம்பர் இரண்டே மாதங்களில் மாகாணம் முழுக்க 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் மாண்டார்கள். கிறிஸ்டோபர்ஸ் என்ற ஆய்வாளர் அந்தச் சாவுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்து 1911-ல் அறிக்கை எழுதினார். மழை பெய்தது மட்டும் காரணமில்லை, அதற்கு முன்பே தானிய விலை ஏறியிருந்ததும் சேர்ந்துதான் கொன்றது என்றார்.

கீழ் எண் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு உச்ச உதாரணம் பம்பாய். 1921-ல் அங்கே பதிவான பிறப்புகளில் ஆயிரத்துக்கு எத்தனை சிசுக்கள் இறந்தன என்று, குடியிருந்த அறைகளின் எண்ணிக்கைப்படி பிரித்தார்கள். ஓர் அறை, அல்லது அதற்கும் குறைவு: 828. இரண்டு அறை: 322. மூன்று: 191. நான்கும் அதற்கு மேலும்: 133.

எண்ணூற்று இருபத்தெட்டு! பிறந்த ஐந்தில் நான்கு பிள்ளைகள் போயிற்றா? நம் வீட்டுப் பெண்களுக்கு விடை தெரியும்: பிரசவத்துக்குத் தாய்வீடு. மில் தொழிலாளியின் மனைவி கொங்கணத்துக் கிராமத்துக்குப் போய்ப் பிள்ளை பெறுவாள். பிறப்பு அங்கே பதிவாகும், பதிவானால். சில மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு பம்பாயில் 'சால்' எனப்படும் நெரிசலான குடியிருப்புக்குத் திரும்புவாள். குழந்தை அங்கே இறந்தால் சாவு பம்பாய்க் கணக்கில். மேலே சாவு ஏறுகிறது, கீழே பிறப்பு ஏறவில்லை, பின்னம் வீங்குகிறது. 828-ஐ அப்படியே நம்பக் கூடாது. ஆனால் அறை கூடக் கூடச் சாவு குறையும் அந்தச் சரிவை இந்த ஒரு காரணத்தைச் சொல்லித் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

இன்றும் இதே கண்ணாமூச்சிதான். 2020-க்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஆயிரம் பேருக்கு இறப்பு டெல்லியில் 3.6, பீகாரில் 5.4, தமிழ்நாட்டில் 6.1, கேரளத்தில் 7.0. கேரளத்தைவிடப் பீகார் ஆரோக்கியமான இடமா? சிசு மரணத்தைப் பாருங்கள்: கேரளத்தில் 6, பீகாரில் 27. கேரளத்தில் முதியவர்கள் அதிகம், அதனால் சாவும் அதிகம். வயதுவாரியாகப் பிரித்து, எல்லா இடத்திலும் ஒரே வயதுக் கலவை இருந்தால் எத்தனை பேர் இறப்பார்கள் என்று கணக்கிட்ட பிறகுதான் இரண்டு இடங்களை ஒப்பிடலாம். புள்ளியியல் படித்தவருக்கு இது அரிச்சுவடி. நாளிதழ்த் தலைப்புகளுக்கு இன்னும் எட்டவில்லை.

மேல் எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. 1969 பதிவுச் சட்டப்படி சாவு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாக வேண்டும். மோதி பாக்கிலிருந்து ரிங் ரோடில் சில கிலோமீட்டர் போனால் சப்தர்ஜங், எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகள். பாட்னாவிலிருந்தும் கோரக்பூரிலிருந்தும் ரயிலேறி வருகிற நோயாளிகள் அங்கே இறந்தால் அவை டெல்லியில் பதிவாகும் சாவுகள்.

கடலை உரித்த மாமா ஓய்வுபெற்று மாயவரம் போனார். சில வருஷம் கழித்து வைத்தியத்துக்காக டெல்லி துவாரகாவில் மகள் வீட்டுக்கு வந்தவர், அங்கே ஆஸ்பத்திரி ஒன்றில் காலமானார். இறப்புப் பதிவுப் படிவத்தை நிரப்ப என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இறந்த இடம்: ஆஸ்பத்திரி. இறக்கும்போது இருந்த முகவரி: துவாரகா. நிரந்தர முகவரி: மாயவரம். மோதி பாக்கை எழுதக் கட்டம் எதுவும் இல்லை.