மூடிய ஓட்டை திறந்துகொண்டபோது

செஞ்சியின் ராஜகிரி மலை உச்சிக் கோட்டைக்குள் நுழையுமுன் பாறையில் ஒரு பிளவு குறுக்கிடும். அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. அன்று அதன்மேல் கிடந்தது மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் கீழே எத்தனை பேர் நின்றாலும் நின்றபடிதான். 1690-ல் சுல்பிகர் கானின் முகலாயப் படை செஞ்சியை வளைத்தது. கோட்டை கைக்கு வர 1698 ஆனது, அதற்குள் உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பிவிட்டார். அதே கோட்டைக்குள் 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் புகுந்துவிட்டது. மலையும் மதிலும் அவையேதான்; வித்தியாசம் காவலில்.

இன்று செஞ்சியில் காவல் வேலை வேறு வடிவத்தில் நடக்கிறது. திருவண்ணாமலை சாலையிலோ அக்கம்பக்கத்து ஊரிலோ ஒரு மாடியறையில் உட்கார்ந்து, எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளை இப்போது பார்க்கலாம். அவர்கள் உள்ளே போகும் வாசல் எஸ்எஸ்ஹெச், தொலைவிலிருந்து கணினிக்குள் மறையாக்கத்தோடு போகும் வழி. 1995-ல் விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது தொலைவிலிருந்து கணினிக்குள் போக வழக்கமான வழி டெல்நெட். அதில் கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் கம்பியில் போகும். அதே ஆண்டு ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதால்தான் டாட்டு யுலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். 1999-ல் அதன் திறந்த மூல வடிவமான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் வந்தது. இன்று உலகின் பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களுக்கு அதுதான் வாசல்.

அந்த வாசலிலேயே ஓட்டை இருப்பதாக 2024 ஜூலை 1 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான குவாலிஸ் அறிவித்தது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது, அது புது ஓட்டை இல்லை என்பது. 2006-ல் பாதுகாப்பு ஆய்வாளர் மார்க் டௌட் கண்டுபிடித்து, அந்த ஆண்டே அடைத்தாயிற்று. 2020 அக்டோபரில், நடப்பதைப் பதிவுசெய்யும் லாக் எழுதும் பகுதியைத் திருத்தி அமைத்தபோது, பழைய அடைப்பாக இருந்த ஒரு சிறு நிபந்தனை கவனிக்கப்படாமல் விடுபட்டுப்போனது. 8.5 பதிப்பு முதல் ஓட்டை மீண்டும் திறந்துகொண்டது. அந்த வரி ஏன் அங்கே இருந்தது என்பதை நினைவில் வைத்திருந்து தடுக்க ஒருவரும் இல்லை.

ஓட்டை இதுதான். உள்ளே வர நினைப்பவர் 120 விநாடிக்குள் தன்னை நிரூபிக்காவிட்டால், சர்வருக்குள் அலாரம் அடித்து இணைப்பு அறுபடும். அந்த நேரத்தில் லாக்கில் ஒரு வரி எழுதப்படும். ஜிலிப்சி நூலகம் உள்ள லினக்ஸில், அந்த ஒரு வரியை எழுதவே நினைவகத்தில் இடம் கேட்க வேண்டியிருக்கிறது. வேறொரு நினைவக வேலை பாதியில் நிற்கும்போது அலாரம் வந்து விழுந்தால் கணக்கு குழம்பிவிடும். அந்தக் குழப்பத்தைத் தனக்கு வேண்டியபடி வளைக்கத் தெரிந்தவனுக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் ரூட் அதிகாரம், அதாவது சர்வரின் முழு அதிகாரம் கிடைக்கும். சுலபமான வேலை இல்லை. 32 பிட் கணினியில் சராசரியாகப் பத்தாயிரம் முயற்சி, 6 முதல் 8 மணி நேரம் என்றது குவாலிஸ். ஆனால் இரவு முழுக்க ஒருவரும் லாக் பார்க்காத அலுவலகங்கள் எத்தனையோ இருக்கின்றன.

திருத்திய 9.8 பதிப்பு அன்றே வந்துவிட்டது. உடனே புதுப்பிக்க முடியாதவர்களுக்குச் சொன்ன தற்காலிக வழி ஒரே வரி: எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் கோப்பில் அந்த 120 விநாடிக் கெடுவைக் குறிக்கும் லாகின்கிரேஸ்டைமை 0 ஆக்கி, சேவையை மறுபடி தொடங்குவது. அலாரமே அடிக்காது; அதனால் ஓட்டைக்கும் வழியில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வெளியே நிற்பவரை இனி யாரும் அனுப்பிவைக்க மாட்டார்கள். வேண்டுமென்றே நூறு இணைப்பைத் திறந்துவைத்துச் சும்மா இருந்தால், வாசல் நெரிந்து நம்மவருக்கே வழி கிடைக்காது. கோட்டையைக் காப்பாற்றப் பாலத்தை எடுத்தால் எடுத்தவர்களும் உள்ளேயே அடைபடுவார்கள் அல்லவா, அந்த நிலைமைதான். ஆகவே எஸ்எஸ்ஹெச் வழக்கமாகப் பயன்படுத்தும் 22-ஆம் போர்ட்டைத் தெரிந்த ஐபி முகவரிகளுக்கு மட்டும் ஃபயர்வாலில் திறந்துவிட வேண்டும். இந்த இரண்டாவது வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் கவலை.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. 2004-ல் தொடங்கிய, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், இணைய ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஊடுருவல் நடந்ததா என்று பின்னால் திரும்பிப் பார்க்க அந்த லாக்குகள் தேவை. சின்ன அலுவலகம் என்று இதில் அலட்சியம் கூடாது.

டெபியன் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 9.8 என்ற எண்ணைத் தேட வேண்டாம். டெபியன் 12-ல் பதிப்பு 9.2 என்றே காட்டும், திருத்தம் மட்டும் உள்ளே சேர்ந்திருக்கும்; பொதியின் முழு எண்ணில் கடைசிப் பகுதியைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். செய்த பிறகு லாகின்கிரேஸ்டைமை மீண்டும் 120-க்குக் கொண்டுவாருங்கள். அந்த வரியை எதற்காக மாற்றினோம், எப்போது திரும்ப வைத்தோம் என்று கோப்பிலேயே ஒரு குறிப்பும் எழுதிவையுங்கள், அடுத்து வருபவர் படிக்கட்டும்.