கொலு முதல் பொங்கல் வரை: அம்மாக்களுக்கு ஓர் 'ஆன்-கால்' பட்டியல்

அமெரிக்காவில் 'ஹாலிடே சீசன்' என்றால் நவம்பர் நான்காம் வியாழன் வரும் தேங்க்ஸ்கிவிங்கில் ஆரம்பித்து, ஜனவரி முதல் தேதியோடு முடிந்துவிடும். ஐந்து வாரம், கூடிப்போனால் ஆறு. நம் வீடுகளில் அப்படியா? நவராத்திரிக்குப் பரணில் இருந்து கொலுப் பெட்டியை இறக்கும்போது தொடங்குகிறது. நடுவில் ஹாலோவீன், தீபாவளி, கார்த்திகை, தேங்க்ஸ்கிவிங், பள்ளியில் டிசம்பர் மாதம் முழுக்க ஏதோ ஒரு 'டே', கிறிஸ்துமஸ், அப்புறம் பொங்கல். கிறிஸ்தவ நண்பர்கள் வீடுகளில் டிசம்பர் பிறந்ததுமே கலகலாவும் அச்சுமுறுக்கும் ஆரம்பித்துவிடும். கனடாவில் இருப்பவர்களுக்கு ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் வேறு. பிள்ளைகளின் நடனப் பயிற்சிக்குக் கார் ஓட்டியே மாதம் போய்விடும். மொத்தம் நாலு மாதம். இந்த நாலு மாதமும் அலுவலகம் நமக்காக ஒரு நாள்கூட நிற்பதில்லை.

2024-ல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அதே நாள் ஹாலோவீன். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை சாயங்காலம் எலும்புக்கூடு வேஷத்தில் வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போனது. 2025-ல் திங்கட்கிழமை. இந்த வருடம் நவம்பர் 8, ஞாயிறு. "அப்பாடா, ஞாயிறு"ன்னு சொல்லாத அம்மா நியூஜெர்சியில் இருக்க மாட்டார். ஆனால் ஞாயிறு என்றால் விருந்தாளிகள் வருவார்கள், நாமும் நாலு வீட்டுக்குப் போகணும். அதனால் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டோம். நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு 2023 நவம்பரில் சட்டம் கையெழுத்தாகி, அடுத்த வருடமே விடுமுறை வந்தது. நியூஜெர்சியிலும் பல பள்ளி மாவட்டங்கள் விடுகின்றன. பெருமையான விஷயம்தான். ஆனால் பெரும்பாலான தனியார் அலுவலகங்களில் விடுமுறை இல்லையே! அம்மா ஒரு பக்கம் மீட்டிங்கில், பிள்ளைகள் இரண்டும் வீட்டில், அடுப்பில் பாயசம். ஆகவே என் முதல் யோசனை, பிள்ளைகளின் பள்ளிக் காலண்டரை ஆகஸ்டிலேயே எடுத்து, நம் பண்டிகைகளோடு சேர்த்து ஒரே காலண்டரில் போட்டுவிடுங்கள். லீவு தேவைப்படும் நாட்களை உடனே விண்ணப்பித்துவிடுங்கள். அக்டோபரில் கேட்டால் நமக்கு முன்னாடி மூன்று பேர் அதே நாளைக் கேட்டிருப்பார்கள். நம் டீமிலும் நம்மாட்கள்தானே அதிகம்.

இந்த மாதிரி யோசனைகள் இணையம் முழுக்கக் கொட்டிக் கிடக்கின்றன. பத்து நிமிட ஸ்வீட், ஐந்து நிமிட ரங்கோலி, மூன்று நாளில் வீடு சுத்தம். எல்லாமே கையின் வேலையைக் குறைக்கிற வழிகள். நம்மை அசத்துவது கை வேலை மட்டுமா? கொலுவுக்கு யார் யாரை அழைக்கணும், போன வருடம் யாரை விட்டோம், சின்னவனுக்குப் போன வருட வேட்டி பத்துமா, மாமியாருக்கு எத்தனை மணிக்கு வீடியோ கால், டீச்சருக்கு கிஃப்ட் கார்டு, பிஜாமா டேக்கு எந்த பிஜாமா – இதையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கும் வேலை இருக்கிறதே, அது ராத்திரி தூக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆலிசன் டேமிங்கர் என்ற சமூகவியல் ஆய்வாளர் 2019-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வீட்டு வேலையில் மூளை செய்யும் பங்கை அவர் நான்காகப் பிரிக்கிறார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும்போது மட்டும் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். முதலும் கடைசியும் பெரும்பாலும் பெண் தலையில்தான் என்பது அவர் கண்டது. எனக்கு இதைப் படித்ததும் நம் வீட்டு வசனம்தான் ஞாபகம் வந்தது: "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் என்ன செய்யணும் என்று யோசித்து, பட்டியல் போட்டு, சொல்லி, முடிந்ததா என்று பார்ப்பது யார்?

கை வேலையின் கணக்கு மட்டும் சரியாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்வதாகச் சொன்னவர்களிடையே பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். விமானம் ஏறும்போது பாஸ்போர்ட்டோடு இந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்துவிடுகிறோம். இங்கே வேலைக்கு ஆள் கிடையாது என்பதால் ஆண்கள் பாத்திரம் தேய்க்கிறார்கள், குப்பை எடுத்துப்போகிறார்கள், அது உண்மை. ஞாபகம் மட்டும் கை மாறவில்லை.

நான் வேலை பார்ப்பது ஐ.டி.யில். எங்கள் டீமில் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துக்கொண்டால் யார் எழுந்திருக்கணும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது, 'ஆன்-கால்' என்போம். இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் இன்னொருவர். அவர் வாரத்தில் எது நடந்தாலும் அவர் பொறுப்பு. "என்ன பண்ணணும்னு சொல்லுங்க"ன்னு மேனேஜரை எழுப்ப மாட்டார். எல்லாம் ஒரே ஆளுக்குத்தான் தெரியும் என்ற நிலை வந்தால், அதை ஆபத்து என்று சொல்லி உடனே சரிசெய்வோம். வீட்டில் அதே நிலையை 'பொறுப்பான அம்மா' என்று பாராட்டுகிறோம்.

எங்கள் வீட்டில் மூன்று வருடமாகப் பண்டிகைகளை இப்படித்தான் பிரிக்கிறோம். வேலைகளைப் பிரிப்பதில்லை, துறைகளைப் பிரிக்கிறோம். தீபாவளித் துணி முழுக்க என் கணவர் துறை. எப்போது வாங்குவது, அளவு, தைக்கக் கொடுப்பது, ஊரில் இருந்து யார் வருகிறார்கள் அவர்களிடம் சொல்லி அனுப்புவதா, எல்லாம் அவர்தான். முதல் வருடம் பையனின் குர்தா முழங்காலைத் தாண்டித் தொங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை, போட்டோவில் அழகாகத்தான் இருக்கிறான். துறையைக் கொடுத்த பிறகு நடுவில் போய் எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். கொடுப்பவர் செய்யவேண்டிய பாதி வேலை அதுதான்.

மத்தாப்பும் அவர் துறை. நியூஜெர்சியில் 2017-ல் சட்டம் தளர்ந்த பிறகு கம்பி மத்தாப்பு பிடிக்கலாம். வெடியும் வாணமும் இன்னும் சட்டவிரோதம்தான். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும், அதைத் தெரிந்துகொள்வதும் அந்தத் துறைக்காரர் பொறுப்பு. பத்து வயதுப் பெண்ணுக்குக் கோலமும் வாசல் அலங்காரமும். பையனுக்கு அதையே கொடுத்தால் என்ன என்று அவள் கேட்டாள். நியாயம். அடுத்த வருடம் மாற்றினோம்.

இதை வெறும் வேலைப் பங்கீடாக நான் பார்க்கவில்லை. தோழி ஒருத்தியின் மகள் இரண்டாம் வகுப்பில் 'எங்கள் வீட்டுப் பண்டிகை' என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். விளக்கு, ஸ்வீட், புது டிரஸ் எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் "அன்னிக்கு அம்மா டயர்டா இருப்பாங்க, நாங்க சத்தம் போட மாட்டோம்" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். தோழி போனில் சிரித்துக்கொண்டேதான் படித்தாள். படித்து முடித்ததும் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. நாம் இவ்வளவு பாடுபடுவது பிள்ளைகளுக்குத் தீபாவளி என்றால் என்ன என்று தெரியணும் என்பதற்காக. அந்தக் குழந்தைக்குத் தெரிந்த தீபாவளி அது. இருபது வருடம் கழித்து அவள் தன் வீட்டில் கொண்டாடுவாளா மாட்டாளா என்பது அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, சமையலறைக்கு வருவோம்.

தீபாவளிக்கு ஐந்து பட்சணம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். ஒரு காரம், ஒரு இனிப்பு போதும். முறுக்கும் ரிப்பன் பக்கோடாவும் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும், ஆகவே இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை போதும். அதிரசம் செய்கிறவர்களுக்கு வசதி, மாவைக் கிளறி வைத்தால் இரண்டு மூன்று நாள் ஊறினால்தான் நன்றாக வரும். வார இறுதியில் கிளறிவிட்டு முந்தின நாள் சுட்டுக்கொள்ளலாம். தீபாவளி மருந்தைக் கடையில் வாங்கிவிடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

அதைவிட நல்ல வழி, மூன்று வீடு சேர்வது. ஒரு வீடு முறுக்கு, ஒரு வீடு மைசூர்பாகு, ஒரு வீடு மிக்ஸர். ஒரே எண்ணெய்ச் சட்டி, ஒரே மாலை, மூன்று மடங்கு அளவு. பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் அம்மாக்களுக்கும், கணவர் வெளியூர் வேலையில் இருப்பவர்களுக்கும் துறை பிரிக்க வீட்டில் ஆள் இருக்காது. அவர்களுக்கு இந்த மூன்று வீட்டு ஏற்பாடு இன்னும் அவசியம்.

பொரிக்கிற விஷயத்தில் ஒன்று அழுத்திச் சொல்லணும். இங்கே பல வீடுகள் மரச் சட்டத்தில் கட்டியவை. அடுப்புக்கு மேலே இருக்கும் மைக்ரோவேவ் விசிறி பல வீடுகளில் புகையை வெளியே தள்ளாது, உள்ளேயே சுற்றிவிடும். உடனே ஸ்மோக் அலாரம் கத்தும். கத்துகிறதே என்று பேட்டரியைக் கழற்றாதீர்கள். வசதி இருந்தால் மின்சார அடுப்பைப் பின்பக்க டெக்கில் வைத்துப் பொரிக்கலாம். கராஜுக்குள் கேஸ் அடுப்பு மட்டும் கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். எண்ணெயில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பை அணைத்து, சட்டியைத் தட்டையான மூடியால் மூடிவிடணும். அந்த மூடியைப் பொரிக்க ஆரம்பிக்கும் முன்பே பக்கத்தில் எடுத்து வையுங்கள். இந்தியாவில் விடியற்காலை நாலரை மணிக்கு கங்கா ஸ்நானம் முடிந்து அம்மா கூப்பிடும்போது, அக்டோபரில் நமக்கு இங்கே முந்தின நாள் இரவு ஏழு. சரியாக நாம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும் நேரம். போனை எடுக்காதீர்கள். அந்த அழைப்பை இன்னொருவர் துறையில் சேர்த்துவிடுங்கள்.

கொலுவுக்கு ஒன்பது நாளும் திறந்த வீடு என்பது ஊரில் தெருவே ஒன்றாக இருந்த காலத்துக்குச் சரி. இங்கே ஒரு சனிக்கிழமை மாலை போதும். சுண்டலுக்கு முன் வார ஞாயிற்றுக்கிழமையே கடலை, காராமணி, பட்டாணி மூன்றையும் வேகவைத்துத் தனித்தனிப் பையில் ஃப்ரீஸரில் போட்டால், அன்றன்று தாளிப்பதும் ஃப்ரோஸன் தேங்காய் தூவுவதும்தான் வேலை. குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை என்றால், அவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க மாவை வையுங்கள். விருந்தில் சாதம் வகைகளை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாமல் ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிடணும், அமெரிக்க வேளாண் துறையின் விதியும் அதுதான். ரிட்டர்ன் கிஃப்ட் என்ற பெயரில் வீடு வீடாகச் சுற்றும் பிளாஸ்டிக் கிண்ணங்களை யாராவது ஒருவர் நிறுத்தணும். வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு பழம் போதாதா?

டிசம்பரில் எங்கள் துறையில் இன்னொரு பழக்கம் உண்டு. பல நிறுவனங்களில் தேங்க்ஸ்கிவிங்கில் இருந்து புத்தாண்டு வரை 'கோட் ஃப்ரீஸ்'. புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது, இருப்பது ஓடினால் போதும். வீட்டிலும் டிசம்பர் 10-ஐ அப்படி வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வரும் எந்த அழைப்புக்கும், எந்தப் பள்ளி வாலண்டியர் படிவத்துக்கும் பதில் "ஜனவரியில் பார்க்கலாம்". டீச்சருக்கான கார்டு அதற்குள் வாங்கியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பிள்ளை கையால் எழுதிய ஒரு நன்றிக் கடிதம்.

ஊரில் இருந்து அம்மாவோ மாமியாரோ ஆறு மாதம் வந்து தங்கும் வருடங்களில் ஒரு சபலம் வரும், எல்லாத் துறையையும் அவர்களிடம் தள்ளிவிடலாம் என்று. அறுபத்தைந்து வயதில் அவர்கள் இருபது மணி நேரம் விமானத்தில் வந்தது முறுக்கு பிழியவா? அவர்களே விரும்பிக் கேட்கும் ஒரு வேலையைக் கொடுங்கள், மிச்ச நேரம் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லட்டும்.

கடைசியில் பொங்கல். பெரும்பாலும் வேலை நாள், காலை ஏழு மணி வரை இருட்டு, வெளியே பனி. பலர் இன்ஸ்டன்ட் பாட்டில் பொங்கல் வைத்துவிடுகிறோம், அதில் தப்பே இல்லை. ஒரே குறை, மூடியிருக்கும் பானையில் எதுவும் பொங்கி வழியாது, பிள்ளைகள் யாரும் 'பொங்கலோ பொங்கல்' கத்த முடியாது. அதற்கு ஒரு வழி: பொங்கல் பாட்டுக்கு இன்ஸ்டன்ட் பாட்டில் வேகட்டும். பக்கத்து அடுப்பில் சின்னப் பாத்திரத்தில் அரை லிட்டர் பால் வையுங்கள். பிள்ளைகளை ஸ்டூலில் நிற்க வைத்து, அது வழியும்வரை பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. வழிந்த அடுப்பைத் துடைப்பது யார் துறை என்று மட்டும் முந்தின நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.